முதற்படத்துக்கு முதல் தேடியவர்கள்: கொஸ்லந்தத் தோட்டங்களும் இலங்கைத் தமிழ்த் திரையும்

இலங்கையில் தமிழில் முதற்படம் எடுக்கப் புறப்பட்டவர், கதை சொல்ல உட்காருமுன்பே ஒரு கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சென்னையில் எடுத்து முடித்த படத்தின் பிரதியைக் கொழும்பில் இறக்கினால் பதுளை வரை ஓட்டலாம். நடிகர் ஊரறிந்தவர், பாட்டு ஏற்கெனவே வானொலியில் ஒலித்துக்கொண்டிருக்கும், செலவு பிரதிக்கும் உரிமைக்கும் மட்டும்தான். அப்படியிருக்க, பேர் தெரியாத நடிகரை வைத்து உள்ளூரில் எடுக்கும் ஒரு முழுப்படத்துக்கு முதலாளி ஏன் பணம் போட வேண்டும்? கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கேள்வி இடத்தைவிட்டு நகரவில்லை. இதற்கு ஒவ்வொரு காலத்திலும் புதியவர்கள் சொல்லிப் பார்த்த பதில்களே இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் வரலாறு என்றுகூடச் சொல்லலாம்.

சிங்களப் படத்துக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. சிங்களம் பேசும் படத்துக்குப் போட்டியாக வேறு நாட்டுச் சிங்களப் படம் வந்து இறங்காது. 1947இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் எடுக்கப்பட்டது தென்னிந்தியாவில். 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சிற்றம்பலம் ஏ. கார்டினரும் தமிழர்தான். சினிமாஸ் லிமிட்டெட் அதிபர் கே. குணரத்தினம், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' (1960) உட்படப் பல சிங்களப் படங்களுக்கு முதல் போட்டார். அரங்குகளும் விநியோகமும் கணிசமாகத் தமிழர் கையில் இருந்தும், 1962 வரை இலங்கைத் தமிழ்ப் படம் ஒன்றுகூட வெளிவரவில்லை. வணிகர்கள் மொழிப்பற்று இல்லாதவர்கள் என்று இதற்குக் காரணம் காட்டுவது எளிது. இறக்குமதிப் படம் கையில் இருக்கும்போது உள்ளூர்த் தமிழ்ப் படம் தங்கள் சரக்குக்குத் தாங்களே வைக்கும் போட்டி என்று அவர்கள் கணக்குப் பார்த்தார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

அந்த இறக்குமதிப் படங்களைத் தாங்கிய பார்வையாளர்களில் தோட்டத்து மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊவா மாகாணத்தில் பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் மலைச்சாலையில், தியலும நீர்வீழ்ச்சிக்குச் சற்று முன்னால் இருக்கிறது கொஸ்லந்த. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், தொழிலாளர் வசிக்கும் லயக் காம்பிராக்கள், அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறிப்போகும் பஸ். சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிறு என்பது கடைத்தெருவுக்கும் படத்துக்கும் உரிய நாள். படம் வருமுன்பே இம்மக்களிடம் விடிய விடிய நடக்கும் கூத்து இருந்தது: மாசி மாதத்தில் காமன் ஊன்றி, ரதி மன்மதன் ஆட்டம் ஆடி, கடைசியில் காமனை எரிக்கும் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். கூத்துக்கு யாரிடமும் போய்க் கதை சொல்லி முதல் கேட்க வேண்டியதில்லை. கதை எல்லோருக்கும் தெரியும்; செலவைத் தோட்டமே பங்கிட்டுக்கொள்ளும். சினிமாவில் மட்டும்தான் அவர்கள் டிக்கெட் வாங்குகிறவர்களாக மாறினார்கள்.

இலங்கைத் தமிழ்ப் படம் வருமுன்பே தோட்டம் திரையில் வந்திருந்தது. பேசில் ரைட் 1934இல் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்துக்குப் பணம் கொடுத்தது தேயிலைப் பிரசாரச் சபை. நான்கு சிறு சுற்றுலாப் படங்கள் எடுத்துவர அனுப்பப்பட்டவர், ஏறத்தாழ நாற்பது நிமிட ஒரே படத்தோடு திரும்பினார். அது 1935இல் பிரசெல்ஸ் விழாவில் பரிசு பெற்றது. கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்ற துணிச்சலுக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க செய்கை அது. ஆனால் கொழுந்து பறித்தவர்கள் அதில் அழகான காட்சி மட்டுமே.

1962இல் ஹென்றி சந்திரவன்ச இயக்கிய 'சமுதாயம்' முதல் இலங்கைத் தமிழ்ப் படமாக வெளிவந்தது. அது 16 மில்லிமீட்டரில் எடுக்கப்பட்ட வண்ணப்படம். முதலாளியின் கணக்குக்கு இந்தச் சிறிய சுருளே ஒரு பதில்: செலவைக் குறைத்துக் காட்டுவது. ஆனால் நகரத்துப் பெரிய அரங்குகள் 35 மில்லிமீட்டருக்கே அமைந்தவை என்பதால், செலவு குறைந்தபோது படம் ஓடக்கூடிய இடங்களும் குறைந்தன. அடுத்த ஆண்டு வந்த, பி. எஸ். கிருஷ்ணகுமார் இயக்கிய 'தோட்டக்காரி' 35 மில்லிமீட்டரில் எடுக்கப்பட்ட முதல் இலங்கைத் தமிழ்ப் படம். அந்தப் பெரிய சுருளில் எடுத்த முதல் கதையே மலையகத்தைத் தொட்டது தற்செயலாக இருக்க முடியாது. சென்னைப் படம் தரமுடியாத ஒன்றைக் காட்ட வேண்டுமானால் தேயிலை மலை கண்ணெதிரே நின்றது. இந்த இரண்டையும் சேர்த்து 1970 வரை வந்தவை எட்டுப் படங்கள். அவற்றுக்குப் பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் சொந்தப் பணத்தையோ நண்பர் பணத்தையோ போட்ட தனியாட்கள். 1972இல் வந்த 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்த வி. எஸ். துரைராஜா ஒரு கட்டடக் கலைஞர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் மீள்கட்டுமானத்தோடு பிற்காலத்தில் பேசப்பட்ட பெயர் அவருடையது. படத்தொழிலுக்கு வெளியே சம்பாதித்தவரே படத்துக்கு முதலாளியாக வேண்டியிருந்தது.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியதும் கதை கேட்பவர் மாறினார். இறக்குமதியும் விநியோகமும் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போயின. இந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர்த் தயாரிப்புக்குக் கடன் திட்டம் வந்தது. அதுவரை ஒரு முதலாளியின் வரவேற்பறையில் வாய்வழியே சொல்லப்பட்ட கதை, இனி எழுதி ஒப்படைக்கும் பிரதியாக மேசையில் போய் உட்கார வேண்டியிருந்தது. கோடம்பாக்கத்தில் நிலைமை வேறு. அங்கே உதவி இயக்குநராகப் பல ஆண்டு காத்திருந்தவர் தயாரிப்பாளர் முன் இரண்டு மணிநேரம் கதை சொல்வார். சண்டைக்கு வாயாலேயே பின்னணி இசை கொடுத்து, நாயகன் நுழையும் இடத்தில் எழுந்து நின்று நடித்தும் காட்டுவார். நன்றாகச் சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே பாதி வேலை முடிந்துவிடும். கொழும்பில் சொல்வன்மையைவிடக் கோப்பு முக்கியமாகிப் போனது. இது புதியவருக்கு நன்மையா தீமையா என்றால், கூச்சப்படும் எழுத்தாளனுக்கு நன்மை என்றுதான் சொல்ல வேண்டும். பழைய கேள்வியின் கூர்மையும் சற்று மழுங்கியது: சென்னைப் படம் குறைந்ததால் உள்ளூர்ப் படத்துக்கு இடம் கிடைத்தது. 1978இல் மட்டும் ஆறு தமிழ்ப் படங்கள் வந்தன. அந்த எண்ணிக்கை அதற்கு முன் எந்த ஆண்டிலும் கண்டதில்லை.

மலையகக் கதை முழு உருவில் வந்தது 1975இல், 'புதிய காற்று' என்ற பெயரில். தயாரித்து நாயகனாக நடித்தவர் வி. பி. கணேசன், இயக்கியவர் எஸ். இராமநாதன், கதை வசனம் தெளிவத்தை ஜோசப். கணேசன் தொழிற்சங்கவாதி. பார்வையாளர் எங்கே என்று கேட்டால் தோட்டம் தோட்டமாகக் கைகாட்டக்கூடியவர். முதலாளி, நாயகன், பார்வையாளரை அறிந்தவர் என்று மூன்று பாத்திரங்களும் ஒரே ஆளாக இருந்தபோது, யாரிடமும் போய் மன்றாட வேண்டிய தேவை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அதன் மறுபக்கமும் உண்டு. அந்த மூன்றும் கைகூடாத இன்னொருவர் அதே வழியில் போக முடியாது.

ஜோசப்பின் பங்கு ஊவாவுக்கு உரியது. 1934இல் பதுளைக்கு அருகே ஹாலி எலவை அடுத்த ஊவாகட்டவளையில் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்ததால் தோட்டத்தின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974இல் வந்தது. லயத்துப் பேச்சு, பிரட்டுக்களம், கணக்கப்பிள்ளையின் அதட்டல் ஆகியவற்றைக் கேட்டு வளர்ந்த ஒருவர் எழுதிய வசனம் சென்னையிலிருந்து கப்பலில் வரக்கூடிய சரக்கில்லை. முதலாளியின் பழைய கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

படம் வந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான மக்களை 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையால் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பதுளையிலும் அப்புத்தளையிலும் ரயில் ஏறித் தலைமன்னாருக்குப் போன குடும்பங்கள் திரும்பி வரவில்லை. 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் உயிர்களைப் பறித்தது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 'புதிய காற்று' நம்பியிருந்த பார்வையாளர்கள் பசியோடு இருந்தார்கள், ஒரு பகுதியினர் நாட்டைவிட்டே போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில் இம்மக்களைப் பற்றி இம்மக்களுக்கே படம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டதுதான் உண்மையான துணிச்சல். கணேசன் அதோடு நிற்கவில்லை. 'நான் உங்கள் தோழன்' (1978), 'நாடு போற்ற வாழ்க' (1981) என்று தொடர்ந்தார்.

மற்றவர்கள் வேறு பதில்களைத் தேடினார்கள். எஸ். இராமநாதன் அடுத்து இயக்கிய 'கோமாளிகள்' (1976), மரைக்கார் ராமதாஸின் வானொலி நாடகத்திலிருந்து வந்தது; பாத்திரங்களின் குரல் வீடுகளில் ஏற்கெனவே பழகியிருந்ததால் பார்வையாளரைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. 'வாடைக்காற்று' (1978) செங்கை ஆழியானின் பேர்பெற்ற நாவலைப் பிடித்துக்கொண்டது. தர்மசேன பத்திராஜ 'பொன்மணி'யை (1977) யாழ்ப்பாணத்தில் எடுத்தபோது அப்படி எந்தப் பிடிமானத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. படம் வசூலில் தோற்று, பிற்காலத்தில் மதிப்புப் பெற்றது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவோ நாட்டைவிட்டுப் போனவர். பூனாவில் ஒளிப்பதிவு படித்து, தம் முதற்படமான 'கோகிலா'வை 1977இல் கன்னடத்தில் எடுத்தார். திறமையுள்ளவர் கதை சொல்ல இடம்தேடிக் கடல்கடந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1977க்குப் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அரங்குக்குப் போகும் பழக்கம் தளரத் தொடங்கிய வேளையில் தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறை வந்தது. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டு, அங்கிருந்த நெகட்டிவ்கள் சாம்பலாயின. எரிந்தவற்றில் சிங்களப் படங்களும் இருந்தன. 1982இன் 'பாதை மாறிய பருவங்கள்' படத்துக்குப் பின் பத்தாண்டுக்கு மேல் இடைவெளி; 1993இல் 'ஷர்மிளாவின் இதய ராகம்' வந்தது. கடன் வாங்கியோ கைக்காசைப் போட்டோ ஒருவர் முதற்படம் எடுக்கும் சூழலே அந்த இடைவெளியில் இல்லாமல் போயிற்று.

2000க்குப் பின் விநியோக ஏகபோகம் முடிந்தது, டிஜிட்டல் கமரா வந்தது, கதவுகள் வேறு திசைகளில் திறந்தன. ரொட்டர்டாமின் ஹியூபர்ட் பால்ஸ் நிதி, லொகார்னோவின் ஓப்பன் டோர்ஸ், 2007இல் கோவாவில் தொடங்கிய பிலிம் பஜார் போன்ற இடங்களில் புதிய இயக்குநர் முன்வைப்பது ஒரு கோப்பு: இரண்டு வரிக் கதைச்சுருக்கம், சில பக்க விரிவு, இந்தப் படத்தைத் தாம் ஏன் எடுக்க வேண்டும் என்ற குறிப்பு, பட்ஜெட், படத்தின் நிறத்தையும் ஒளியையும் காட்டும் படத்தொகுப்பு. பிறகு சில நிமிடப் பேச்சு. சென்னையில் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படத்தையே விண்ணப்பமாக்கியது. கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் அந்த வழியே வந்தவர்கள். கொஸ்லந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கு இரண்டு வழியும் திறந்தவைபோலத் தோன்றும். ஆனால் கோப்பை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். குறும்படத்துக்குச் செலவழிக்க வீட்டில் காசு வேண்டும்.

மலையகத்தை உலக விழாக்களுக்குக் கொண்டுபோன கதைகளும் வெளியிலிருந்து வந்தவையே. பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' 2023இல் பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்றது. மலைநாட்டுக்கு வரும் இந்தியத் தம்பதியின் கண்வழியே அது நகர்கிறது. தோட்டத்துத் தமிழ் இளைஞர்கள் அதில் சந்தேக நபர்களாகப் பிடிபடுகிறார்கள். நேர்மையான படம், ஆனால் கதையின் மையம் அவர்களிடம் இல்லை.

கொஸ்லந்தவின் பெயரை வெளியுலகம் கேட்டது 2014 ஒக்டோபர் 29 காலையில், மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதைந்தபோது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. செய்திக் கமராக்கள் வந்தன, சில வாரங்களில் போய்விட்டன. அந்த ஊரில் ஒரு கதைப்படம் எடுக்க நினைப்பவர் முதலாளிக்கும் நிதிக்குழுவுக்கும் மேலாக இன்னொருவரிடமும் கதை சொல்லியாக வேண்டும். தோட்டத்து ரோடும் லயமும் தொழிற்சாலையும் 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. அங்கே கமரா வைக்கத் தோட்டத் துரையின் அனுமதி வேண்டும். எச்சரிக்கை கிடைத்தும் லயங்கள் ஏன் இடம் மாற்றப்படவில்லை என்று கேட்கும் கதைக்கு அந்த அனுமதி எளிதில் கிடைக்காது.

1962 முதல் 1993 வரை அரங்குக்கு வந்த இலங்கைத் தமிழ்ப் படங்கள் 28. அவற்றில் தோட்டத்து வாழ்க்கையைக் களமாக்கியவை மிகச் சில. அந்தச் சிலவற்றிலும், ஊவாவில் பிறந்து வளர்ந்தவர் கதை எழுதிய படம் என்று உறுதியாகக் காட்டக்கூடியது 'புதிய காற்று'.