விளையாட்டு, பண்பாட்டுச் செலவுத் தணிக்கை (தமிழ்நாடு)

சட்டமன்றம் ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கைப் பணம் உரிய வழியில் செலவானதா எனச் சரிபார்க்கும் முறை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, அரசமைப்பின் 151ஆம் பிரிவின்படி ஆளுநர் வழியாக அவைக்கு வரும். பிறகு பொதுக் கணக்குக் குழு துறைச் செயலாளர்களை அழைத்து விசாரிக்கும். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிச் செலவுகளின் குளறுபடிகளை 2011இல் அம்பலப்படுத்தியதும் அதே தணிக்கைத் தலைவரின் அறிக்கையே.

பாச்சலூர் போன்ற பழனி மலை ஊர்களில், பணம் உரியவருக்கு எட்டியதா என்ற கேள்வி இன்னும் நேரடியானது. 2024இல் மதுரையில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் ஊராட்சிதோறும் பொருள்களை வழங்கியது. கைப்பந்து வலையும் கிரிக்கெட் மட்டையும் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால் தணிக்கையாளருக்குக் கணக்கு சரி. ஊராட்சி அலுவலகத்திலேயே அவை பூட்டிக் கிடந்தால், தொலைவில் சிதறிய குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றும் எட்டாது. இதைக் கேட்க உரிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் அது கூடும். அங்கே பதில் கிடைக்காதவர் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் பதிவேட்டின் நகலைக் கோரலாம். 30 நாளில் பதில் தரவேண்டும்.