எல்லைத் தெருவின் இரு மருங்கும்: கன்சாஸ் – மிசூரி வரிப் போட்டி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அயல் மாநிலங்கள் இரண்டினை அருகருகே நிறுத்தி, இவற்றுள் எது வணிகத்துக்கு உகந்தது என வினவும் வழக்கம் இன்று பொருளியல் எழுத்துகளிற் சாதாரணமாகிவிட்டது. வரி வீதம், கூலி மட்டம், தொழிற்சட்டம் என்பன அட்டவணைப்படுத்தப்படுகின்றன, மாநிலங்கள் தரவரிசைப்படுத்தப்படுகின்றன. 'வணிகச் சூழல்' என்னும் தொடர், மழைவீழ்ச்சியையோ வெப்பநிலையையோ போல இயற்கையாய் அமைந்த ஒன்றினை அளப்பதான தோற்றத்தைத் தருகின்றது. ஆயின் இச்சூழல் இயற்கையின் கொடையன்று, சட்டமன்றங்களிலே ஆக்கப்படுவது. அது எவருடைய நலன் கருதி ஆக்கப்படுகின்றது, அதற்கான செலவை எவர் சுமக்கின்றனர் என்னும் இரு வினாக்களையும் ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ், மிசூரி மாநிலங்களின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விரு மாநிலங்களையும் நாம் தெரிந்தெடுத்தமைக்குத் தக்க காரணம் உண்டு. கன்சாஸ் சிற்றி எனப்படும் பெருநகரப் பகுதி இரு மாநிலங்களிலும் பரந்து கிடக்கின்றது. நகரின் ஒரு பகுதியிலே மாநில எல்லை ஒரு தெருவாகவே ஓடுகின்றது. அத்தெருவின் பெயரும் 'மாநில எல்லைத் தெரு' என்பதே. கிழக்கு மருங்கு மிசூரி, மேற்கு மருங்கு கன்சாஸ். தொழிலாளர் ஒரே தொகுதியினர்; சந்தை ஒன்று; புகையிரத வசதியும் ஒன்று. வேறுபடுவன சட்டமும் வரியுமே. எனவே, வரிச்சலுகை எதனைச் சாதிக்கும், எதனைச் சாதிக்காது என்பதைக் காண்பதற்கு இதனினும் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

பழைய எல்லைப் போர்

இவ்வெல்லைக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. மிசூரி 1821இல் அடிமை முறையை ஏற்ற மாநிலமாக ஒன்றியத்தில் இணைந்தது. 1854ஆம் ஆண்டின் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம், புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறை இருப்பதா இல்லையா என்பதை அங்கு குடியேறுவோரே தீர்மானிக்கலாம் என விதித்தது. அதன் விளைவாக எல்லையின் இரு புறத்தும் ஆயுதக் குழுக்கள் மோதின. 'இரத்தம் சிந்தும் கன்சாஸ்' என வரலாற்றாசிரியர் குறிப்பிடும் காலம் அதுவே. 1861இல் கன்சாஸ் அடிமை முறையற்ற மாநிலமாக ஒன்றியத்திற் சேர்ந்தது. 1863 ஓகஸ்டில் மிசூரிப் பக்கத்திலிருந்து சென்ற குவான்ட்ரிலின் படை கன்சாஸின் லோறன்ஸ் நகரை எரித்தது. அதற்கு மறுமொழியாக ஒன்றியப் படைத்தளபதி பிறப்பித்த 11ஆம் இலக்கக் கட்டளை, மிசூரியின் எல்லை மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் மக்களை வெளியேற்றியது.

அன்றைய போரின் மையப்பொருள் உழைப்பே. உழைக்கும் மனிதன் மற்றொருவனின் உடைமையா, தன் உழைப்புக்குத் தானே உரியவனா என்பதே அங்கு எழுந்த வினா. ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் அதே எல்லையில் மூண்ட வரிப் போட்டிக்கும் 'எல்லைப் போர்' என்ற பெயரே வழங்கலாயிற்று. பெயர் தற்செயலாய் வந்திருக்கலாம். ஆயின், பின்னர் நாம் காணவிருப்பது போல, உழைப்பின் பயன் எவருக்கு என்னும் வினா இரண்டாவது போரிலும் மறைந்து நிற்கின்றது.

கருத்தின் தோற்றம்

கைத்தொழிலை அயல் மாநிலத்திலிருந்து கவர்ந்திழுக்கும் முயற்சி அரச கொள்கையாக ஒழுங்கான வடிவம் பெற்றது 1936இல், மிசிசிப்பி மாநிலத்திலேயே எனலாம். ஆளுநர் ஹியூ வைட் கொண்டுவந்த, 'வேளாண்மையைக் கைத்தொழிலால் சமன்செய்தல்' என்ற திட்டத்தின்படி, ஊராட்சிகள் பொதுக்கடன் பெற்றுத் தொழிற்சாலைக் கட்டடங்களை எழுப்பித் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டன, வரிவிலக்கும் அளித்தன. வறிய மாநிலம் ஒன்றின் மக்கள் தம் எதிர்கால வரிப்பணத்தை ஈடுவைத்து முதலாளிகளுக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தனர் என்பதே இதன் பொருள்.

1947இல் நிறைவேறிய டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் போட்டிக்கு மற்றுமொரு கருவியை வழங்கியது. தொழிற்சங்கத்தால் நன்மை பெறும் தொழிலாளர் அனைவரும் சங்கத்துக்குப் பணம் செலுத்த வேண்டுமென்ற ஒப்பந்தங்களை மாநிலங்கள் தடைசெய்ய அது இடமளித்தது. இத்தகைய தடைச்சட்டங்களுக்கு 'வேலை செய்யும் உரிமைச் சட்டம்' என அழகிய பெயர் சூட்டப்பட்டது. கன்சாஸ் 1958இல் இதனைத் தன் அரசியலமைப்பிலேயே சேர்த்துக்கொண்டது. மிசூரி மக்களோ 1978இல் நடந்த வாக்கெடுப்பில் இதனை நிராகரித்தனர்.

1975இல் ஃபான்டஸ் என்னும் ஆலோசனைக் கம்பனி, இலினோய் மாநிலத் தொழிலதிபர் சங்கத்திற்காக 48 மாநிலங்களின் வணிகச் சூழலைத் தரப்படுத்தியது. சமூகநலச் செலவும் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களும் மாநிலத்தின் தரத்தைக் குறைக்கும் குறைபாடுகளாகவே இத்தகைய கணிப்புகளில் எண்ணப்பட்டன. அளவுகோலை ஆக்கியவர் எவர் என்பதை அறியாமல் அளவீட்டினைப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சம்பளத்திற் கழித்த வரி

மிசூரி 2005இலும் கன்சாஸ் 2009இலும் கொண்டுவந்த ஊக்குவிப்புத் திட்டங்கள் இரண்டும் ஒரே பொறிமுறையினை உடையன. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து வேலைகொள்வோர் வருமான வரியைக் கழித்து அரசுக்குச் செலுத்துவது வழமை. இத்திட்டங்களின் கீழ், தகுதிபெற்ற கம்பனி அவ்வாறு கழித்த வரியைத் தானே வைத்துக்கொள்ளலாம். கன்சாஸ் திட்டத்தில் அதன் 95 சதவீதம் வரை கம்பனியிடமே தங்கியது. தொழிலாளி தான் அரசுக்கு வரி செலுத்தியதாகவே எண்ணுகின்றான். பாடசாலைக்கும் பாதைக்கும் சேரவேண்டிய அப்பணம் முதலாளியின் கணக்கிற் சேர்கின்றது. கம்பனி செலுத்தவேண்டிய வரியைக் குறைப்பது ஒன்று. தொழிலாளி செலுத்திய வரியைக் கம்பனிக்கே உரிமையாக்குவது வேறொன்று. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. 1920இல் மிசூரிப் பக்கத்துக் கன்சாஸ் சிற்றியிலே தோன்றிய ஏ.எம்.சி. திரையரங்கக் கம்பனி, தன் தலைமையகத்தைக் கன்சாஸ் மாநிலத்து லீவுட்டுக்கு மாற்றுவதாக 2011இல் அறிவித்தது. அதே ஆண்டில் அப்பிள்பீஸ் உணவகக் கம்பனியின் தலைமையகம் எதிர்த்திசையில், கன்சாஸிலிருந்து மிசூரிக்கு, எல்லையைக் கடந்தது. நான்கு ஆண்டுகள் செல்வதற்குள், 2015இல், அத்தலைமையகம் கலிபோர்னியாவின் கிளென்டேலுக்குப் பெயருவதாக அறிவிக்கப்பட்டது. சலுகை கொடுத்துப் பெற்றது சலுகையாலேயே நிலைபெறுவதில்லை.

இப்போட்டியின் வீண் செலவினை முதலில் உரத்துக் கூறியோருள் வணிகப் பிரமுகர்களும் இருந்தனர். 2011இல் கன்சாஸ் சிற்றியின் வணிகத் தலைவர்கள் பதினெழுவர் இரு ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதி இதனை நிறுத்துமாறு வேண்டினர். அந்நகரின் ஹோல் குடும்ப அறக்கட்டளை திரட்டிய கணக்கின்படி, 2019 வரையில் இரு மாநிலங்களும் 300 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட வரி வருமானத்தை இழந்தன. ஏறத்தாழ 12,000 வேலைகள் எல்லையைக் கடந்தன. இரு திசைப் பெயர்வுகளையும் கழித்துப் பார்க்கையில் கன்சாஸுக்குத் தேறிய இலாபம் ஏறக்குறைய 1,200 வேலைகள் மாத்திரமே. அவையும் புதியன அல்ல. சில மைல் தூரம் இடம்பெயர்ந்தவை. பலர் தம் வீட்டை மாற்றாமலே வேலைக்குச் செல்லும் பாதையை மட்டும் மாற்றினர்.

கன்சாஸ் பரிசோதனை

2012இல் ஆளுநர் சாம் பிரவுண்பாக், பொருளியலாளர் ஆதர் லாஃபரின் ஆலோசனையுடன், இப்போட்டியைத் தனிக் கம்பனிகளுக்கான சலுகை என்ற நிலையிலிருந்து மாநிலத்தின் முழு வரியமைப்புக்கும் விரித்தார். தனியாள் வருமான வரியின் உச்ச வீதம் 6.45 சதவீதத்திலிருந்து 4.9 ஆகக் குறைக்கப்பட்டது. உரிமையாளரின் தனிவருமானமாகக் கணிக்கப்படும் வணிக இலாபத்துக்கு மாநில வருமான வரி முற்றாக நீக்கப்பட்டது. 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட வணிகங்கள் இதனாற் பயன்பெற்றன. ஒரே தொகையை இலாபமாகப் பெற்றவர் வரியின்றி இருக்க, சம்பளமாகப் பெற்றவர் வரி செலுத்தினார்.

2014 ஜூனில் முடிவுற்ற நிதியாண்டில் மாநிலத்தின் பொது வருமானம் முன்னைய ஆண்டினும் ஏறத்தாழ 700 மில்லியன் டொலரால் வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே மாநிலத்தின் கடன் தரமும் இறக்கப்பட்டது. நெடுஞ்சாலை நிதி வேறு செலவுகளுக்குத் திருப்பப்பட்டது. 2015இல் சில பாடசாலை மாவட்டங்கள் பணமின்றிக் கல்வியாண்டைக் குறித்த நாளுக்கு முன்னரே முடித்துக்கொண்டன. அதே ஆண்டில் விற்பனை வரி 6.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. உணவுப்பொருளும் அதற்கு விலக்கன்று. மாநிலத்து உணவு வரி முற்றாக நீங்கியது 2025இலேயே. இலாபத்தின் மீதான வரி நீங்க, பாணின் மீதான வரி ஏறிய இவ்விடத்திலேயே 'வணிகச் சூழல்' என்பதன் வர்க்க உள்ளடக்கம் வெளிப்படையாகின்றது.

எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. வேலைவாய்ப்பின் பெருக்கம் நாட்டின் சராசரிக்குப் பின்னேயே நின்றது. விவசாய விளைபொருள், எண்ணெய் ஆகியவற்றின் விலைவீழ்ச்சியே காரணம் எனப் பரிசோதனையின் ஆதரவாளர் வாதிட்டனர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் வரிக்குறைப்பு தன் இழப்பைத் தானே ஈடுசெய்யும் என்ற வாக்குறுதியை அது காப்பாற்றவில்லை. 2017 மார்ச்சில் மாநில உயர் நீதிமன்றம், பாடசாலைகளுக்கான நிதி அரசியலமைப்பு வேண்டும் அளவுக்குப் போதாது எனத் தீர்ப்பளித்தது. ஜூனில், ஆளுநரின் சொந்தக் குடியரசுக் கட்சி பெரும்பான்மை வகித்த சட்டமன்றமே, அவரது மறுப்பாணையை மீறி வரிக்குறைப்பின் பெரும்பகுதியை நீக்கியது.

இதற்கிடையில் அயலவர் வாளாவிருக்கவில்லை. மிசூரிச் சட்டமன்றம் 2014இல் ஆளுநர் ஜே நிக்சனின் மறுப்பாணையை மீறித் தன் வருமான வரியைக் குறைத்தது. பக்கத்து மாநிலத்தின் தவறு பாடமாவதற்கு முன்னர் முன்மாதிரியாகிவிட்டது. போட்டியின் இயல்பே அதுதான்.

வாக்கெடுப்பும் போர்நிறுத்தமும்

மிசூரிச் சட்டமன்றம் 2017இல் 'வேலை செய்யும் உரிமை'ச் சட்டத்தையும் நிறைவேற்றியது. கன்சாஸ் உட்பட அயல் மாநிலங்கள் பலவற்றில் அச்சட்டம் இருப்பதால் மிசூரி முதலீட்டை இழக்கின்றது என்பது கூறப்பட்ட நியாயம். தொழிற்சங்கங்கள் கையொப்பம் திரட்டி அதனை மக்கள் தீர்ப்புக்கு விடச்செய்தன. 2018 ஓகஸ்டில் வாக்களித்தோருள் மூன்றில் இரு பங்கினர் அதனை நிராகரித்தனர். தரவரிசையிலே 'குறைபாடு' எனக் குறிக்கப்பட்டதைத் தம் உரிமை என உழைப்போர் இனங்கண்டதன் விளைவே இது.

வரிச்சலுகையில் போர்நிறுத்தம் காலந்தாழ்த்தியே வந்தது. மிசூரி 2014இல் முன்வைத்த சட்டத்துக்குக் கன்சாஸ் உரிய காலத்துள் இணங்காமையால் அது 2016இற் காலாவதியானது. 2019 ஜூனில் மிசூரி ஆளுநர் மைக் பார்சன் புதிய சட்டத்தில் ஒப்பமிட்டார். ஓகஸ்டில் கன்சாஸ் ஆளுநர் லோரா கெலி நிறைவேற்றுக் கட்டளை மூலம் இணங்கினார். எல்லையோரத்து ஏழு மாவட்டங்களுள் வேலைகளை இடம்மாற்றுவதற்கு மாத்திரம் சலுகையில்லை என்பதே உடன்பாட்டின் சாரம். 1863இல் கட்டளையால் வெறிதாக்கப்பட்ட ஜாக்சன், காஸ் மாவட்டங்களும் அவற்றுள் அடங்கும். ஆயின் 2024இல் கன்சாஸ், மிசூரியின் விளையாட்டுக் கழகங்களைக் கவரும் பொருட்டு, அரங்கச் செலவின் 70 சதவீதம் வரை பொதுக்கடனால் ஈடுசெய்ய இடமளிக்கும் சட்டத்தை இயற்றியது. உடன்பாட்டின் வலுவின்மை இதனாற் புலனாயிற்று.

முடிவுரை

மூலதனம் தெருவைக் கடக்க வல்லது. பாடசாலையும் பாதையும் அவ்வாறு கடக்க மாட்டா. இச்சமமின்மையே போட்டியின் ஊற்று. கம்பனி உண்மையில் இடம்பெயர்வதுகூட அவசியமன்று. பெயர்ந்துவிடுவோம் என்ற அச்சுறுத்தலே இரு சட்டமன்றங்களையும் பணியவைக்கப் போதுமானது. ஆகவே, இரு மாநிலங்களின் வரி வீதங்களை ஒப்பிடும் ஆய்வாளர், அவ்வரியால் நடைபெறும் பாடசாலைகளையும், கைவிடப்பட்ட வரிக்குப் பதிலாக விதிக்கப்பட்ட வரிகளையும் ஒருங்கே ஒப்பிடுதல் வேண்டும். அன்றேல் ஒப்பீடு ஒரு தரப்பின் பேரம்பேசலுக்குத் துணைபோவதாகவே முடியும்.

இது எமக்குத் தொலைவான செய்தியன்று. பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவின் கீழ் 1978இல் கட்டுநாயக்கவில் முதலீட்டு ஊக்குவிப்பு வலயம் திறக்கப்பட்டபோது, வரி விடுமுறையே முதன்மையான அழைப்பாக முன்வைக்கப்பட்டது. அயல் நாடுகள் எம்மினும் மலிவாகத் தம்மை விற்கும் என்ற அச்சம் அன்றுதொட்டு எமது கொள்கைவகுப்பிலும் பேசப்பட்டு வருகின்றது. அவ்வச்சம் எழுப்பப்படும் போதெல்லாம், கைவிடப்படும் வரி எவருடையது, அதனை ஈடுசெய்யப்போவோர் எவர் என்று வினவுவது எமது கடமையாகும்.