பேரக்குழந்தையைக் காணும் உரிமை: ஃபிக்ஹு வரலாற்றில் பாட்டியும் பாட்டனாரும்

மதீனாவின் புறத்தே அமைந்த குபாவுக்கு உமர் (ரலி) அவர்கள் ஒருநாள் சென்றிருந்தார்கள். அன்சாரிப் பெண்மணி ஒருவரை மணந்து, ஆஸிம் என்னும் மகனைப் பெற்று, பின்னர் அப்பெண்மணியைத் தலாக் கூறிப் பிரிந்திருந்த காலம் அது. பள்ளிவாசல் முற்றத்தில் ஆஸிம் விளையாடிக்கொண்டிருந்தான். தந்தை அவனுடைய கையைப் பற்றித் தூக்கித் தம் சவாரிப் பிராணியின்மீது முன்னால் அமர்த்திக்கொண்டார்கள். அதற்குள் சிறுவனின் பாட்டி ஓடிவந்து வழிமறித்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. தந்தையும் பாட்டியும் சிறுவனைத் ‘தம் மகன்’ என்றே உரிமை கொண்டாடினர். சிறுவனைப் பாட்டியிடமே விட்டு விலகுமாறு கலீஃபா தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அதற்கு மறுமொழி ஏதும் கூறவில்லை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வில் இடம்பெற்றுள்ள செய்தி இது. தாமும் இந்தத் தீர்ப்பையே பின்பற்றுவதாக இமாம் அவர்கள் அங்குக் குறிப்பிடுகிறார்கள். வேறு சில அறிவிப்புகளில் வழக்காடியவர் பாட்டியல்லர், தாயே என்று காணப்படுகிறது. எனினும் சட்ட அறிஞர்களின் கவனத்தைக் கவர்ந்தது முவத்தாவின் வடிவமே. இதை அறிவிப்பவர் காசிம் இப்னு முஹம்மத் (ரஹ்) அவர்கள். தீர்ப்பளித்த அபூபக்ரின் பேரர் அவர். தம் தந்தை கொல்லப்பட்ட பின் யத்தீமாகி, அத்தை ஆயிஷா (ரலி) அவர்களின் அரவணைப்பில் வளர்ந்தவர். உறவினர் மடியில் வளர்ந்த ஒரு பேரர், தம் பாட்டனாரின் தீர்ப்பை நமக்குச் சொல்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கையில் அவ்வறிவிப்பின் சுவை கூடுகிறது. ஆஸிமோ பிற்காலத்தில் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்குத் தாய்வழிப் பாட்டனார் ஆனார்.

இவ்வழக்கில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாட்டி கலீஃபாவிடம் சென்றது பேரனைப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டு அன்று. அவனை வளர்க்கும் உரிமையையே அவர் கோரினார்; அதுவும் நாட்டின் மிக வலிமை வாய்ந்த மனிதர்களுள் ஒருவரை எதிர்த்து. இன்று பல நாடுகளின் நீதிமன்றங்களில் பாட்டன் பாட்டிமார் ‘சந்திப்பு உரிமை’ கோரி மனுதாரர்களாக நிற்கிறார்கள். அந்நிலையையும் குபாவின் நிலையையும் ஒப்பிடும்போது, இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பாட்டியின் உரிமை விரிந்ததா, சுருங்கியதா என்ற கேள்வி தவிர்க்க இயலாததாகிறது. சுருங்கியது என்பதே என் துணிபு.

குழந்தையைப் பேணி வளர்க்கும் பொறுப்பை ஃபிக்ஹு நூல்கள் ‘ஹளானத்’ என்கின்றன. மறுமணம் செய்யாதவரை தாய்க்கே முதல் உரிமை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. தாய் இறந்துவிட்டால், அல்லது அந்நியர் ஒருவரை மணந்துகொண்டால், உரிமை யாருக்கு நகரும்? ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் மர்கீனானீ, தமது ‘ஹிதாயா’வில் தயக்கமின்றித் தாயின் தாயைச் சுட்டுகிறார். ஹளானத் என்பது தாய்மையிலிருந்து பிறக்கும் உரிமை. ஆகவே அது தாய்மார்களின் வழியாகவே மேல்நோக்கிச் செல்லும் என்பது அவர் கூறும் காரணம். தாயின் தாய் இல்லையெனில் தந்தையின் தாய். அவருக்குப் பின்னரே சகோதரிகளும் சிற்றன்னையரும் அத்தையரும் வருகின்றனர்.

வரிசையைக் காட்டிலும் நுட்பமானது கால அளவு. சிறுவன் தானே உண்ணவும் பருகவும் உடுத்தவும் தூய்மை செய்துகொள்ளவும் கற்கும் வரை தாயிடமும் பாட்டியிடமும் இருப்பான் என்கிறது ஹிதாயா. இமாம் கஸ்ஸாஃப் இதனை ஏழு வயது என்று கணித்தார். சிறுமியோ பருவமெய்தும் வரை தாயிடமும் பாட்டியிடமும் இருப்பாள். ஏனைய பெண் உறவினரிடத்தில் அவளுக்கு அத்துணை நீண்ட காலம் வழங்கப்படவில்லை. அதாவது, மற்ற உறவினரிலிருந்து பாட்டியைப் பிரித்தெடுத்துத் தாயோடு ஒரே தட்டில் வைத்தனர் ஹனஃபி அறிஞர்கள். மறுமணம் செய்த பெண் ஹளானத்தை இழப்பாள் என்னும் விதியிலும் அவர்கள் ஓர் விலக்கை எழுதினார்கள்: பாட்டியின் கணவர் குழந்தையின் பாட்டனாராகவே இருந்தால் அவளது உரிமை நீங்காது, ஏனெனில் அவர் தந்தையின் இடத்தில் நிற்பவர்.

தென்தமிழகக் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் இவ்விஷயம் ஒரு கருத்து மாற்றத்தையே கண்டது. தாயின் தாய்க்கு உள்ள முன்னுரிமையில் ஐயமில்லை. தந்தையின் தாயை எங்கே வைப்பது? ஈராக்கில் இருந்த காலத்தின் பழைய கருத்துப்படி சகோதரிகளும் தாயின் சகோதரிகளும் அவரை முந்தினர். எகிப்தில் குடியேறிய பின் உருவான புதிய கருத்தோ அவரை அவர்களுக்கு முன்னே நிறுத்தியது. இமாம் நவவீ (ரஹ்) தமது ‘மின்ஹாஜ்’ நூலில் இரண்டையும் பதிந்து, புதியதையே ஏற்கிறார்.

பாட்டனாரின் உரிமை வேறு வகையைச் சார்ந்தது. மடி பாட்டிக்கு; பொருளும் காப்பும் தந்தைவழிப் பாட்டனாருக்கு. தந்தை மறைந்தால் யத்தீமின் சொத்துக்கு வலிய்யு யார் என்பதில் ஹனஃபிகள் தந்தை நியமித்த வஸிய்யை முதலிலும் பாட்டனாரை அடுத்தும் வைப்பர். ஷாஃபிஈகளோ பாட்டனார் இருக்கையில் வஸிய்யுக்கு இடமில்லை என்பர். ஆறு வயதில் தாயையும் இழந்த பெருமானாரை அப்துல் முத்தலிப் இரண்டாண்டுகள் வளர்த்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இவ்வுரிமை புதிதாகத் தோன்றாது.

அப்படியாயின் ‘சந்திப்பு’ பற்றி முன்னோர் பேசவே இல்லையா? பேசினார்கள், ஆனால் அதனை வேறோர் அதிகாரத்தில் வைத்தார்கள். மனைவியின் பெற்றோரும் முந்திய கணவர் மூலம் அவள் பெற்ற பிள்ளையும் வீட்டினுள் வருவதைக் கணவன் தடுக்கலாம், வீடு அவனுடையது. ஆனால் அவர்கள் விரும்பும் நேரத்தில் அவளைக் காண்பதையும் அவளோடு பேசுவதையும் தடுக்க அவனுக்கு அதிகாரமில்லை. அது இரத்த உறவைத் துண்டிப்பதாகும் என்கிறது ஹிதாயா. வாரம் ஒருமுறை பெற்றோர், ஆண்டுக்கொருமுறை ஏனைய மஹ்ரம்கள் என்று ஓர் அளவும் அங்கே உண்டு. பிரிந்த பெற்றோரைப் பொறுத்தவரை, தந்தையிடம் வாழும் குழந்தையைத் தாய் சில நாட்களுக்கு ஒருமுறை வந்து காண்பதைத் தந்தை தடுக்கலாகாது என்று மின்ஹாஜ் விதிக்கிறது. எவ்வாறாயினும் அடிப்படை ஒன்றே: குழந்தையை ஒருவர் வைத்திருப்பது மற்றவரின் உறவை அறுக்கும் உரிமையாகாது. தாயாலோ தந்தையாலோ குழந்தையைக் கொண்டு மற்றவருக்குத் தீங்கு நேரலாகாது என்னும் அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனத்தின் கருத்தும் இங்கே நினைவுகொள்ளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் ஷரீஅத் சட்டங்கள் பிரிவுகளாகத் தொகுக்கப்பட்டபோது இவ்வுரிமை முதன்முறையாகத் தனிவாக்கியம் பெற்றது. எகிப்தின் 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு 1985-இல் திருத்தப்பட்டபோது, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் குழந்தையைக் காணும் உரிமை உண்டு எனவும், பெற்றோர் இல்லாவிடத்துப் பாட்டன் பாட்டியருக்கும் அவ்வாறே உண்டு எனவும் எழுதப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் அமைச்சக ஆணை இச்சந்திப்புக்கு இடமும் நேரமும் வகுத்தது: விளையாட்டுக் கழகம், இளைஞர் நலமையம், தாய் சேய் நல இல்லம், பொதுப் பூங்கா ஆகியவற்றுள் ஓரிடம், காலை 9 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையே வாரத்துக்கு 3 மணி நேரத்துக்குக் குறையாமல். பூங்கா இருக்கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேரனோடு அமர்ந்திருக்கும் முதியவளைக் கற்பனை செய்து பாருங்கள். குபாவிலிருந்து நாம் எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பது விளங்கும்.

‘பெற்றோர் இல்லாவிடத்து’ என்ற சொற்கள்தாம் இடரை விளைத்தன. மகன் உயிரோடிருந்து, ஆனால் கடல் கடந்து பணியாற்றுகிறான் என்று கொள்வோம். அவனுடைய தாய் தம் பேத்தியைக் காண முடியுமா? சட்டத்தின் சொல்லைப் பிடித்தால் முடியாது. எகிப்தின் உச்ச அரசியலமைப்பு நீதிமன்றம் 2013-இல் இந்தக் கட்டுப்பாட்டைச் செல்லாததாக்கியது. பெற்றோர் இருப்பினும் பாட்டன் பாட்டியருக்குக் காணும் உரிமை உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது. மொராக்கோவோ 2004-ஆம் ஆண்டின் ‘முதவ்வனா’வில் வேறு வழியைக் கைக்கொண்டது. தாய் அல்லது தந்தை இறந்துவிட்டால், இறந்தவரின் பெற்றோர் சந்திப்புரிமையில் அவரது இடத்துக்கு வருவர் என்று அதன் 185-ஆம் பிரிவு கூறுகிறது. இதில் சட்டத்தின் கண் இறந்தவர்மீதே நிலைத்திருக்கிறது. மறைந்த மகனின் பங்கை அவனுடைய பெற்றோர் பெறுகின்றனர்.

இந்தியாவில் கதை வேறு. ஹிதாயாவை சார்ல்ஸ் ஹாமில்டன் 1791-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆங்கிலேய நீதிபதிகள் ஹளானத்தை அறிந்துகொண்ட வாயில்களுள் அது முதன்மையானது. பாட்டியரின் வரிசை அப்படியே சட்டக் கையேடுகளில் ஏறியது. 1918-இல் பிரிவு கவுன்சிலில் செய்யித் அமீர் அலி எழுதிய புகழ்பெற்ற தீர்ப்பு, யத்தீம்களின் சொத்தை விற்கத் தாய்க்கு அதிகாரமில்லை என்றும், தந்தைக்கும் அவருடைய வஸிய்யுக்கும் அடுத்த நிலையில் தந்தைவழிப் பாட்டனாரே காப்பாளர் என்றும் தெளிவாக்கியது. ஆயினும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் சிறார் சட்டம் குழந்தையின் நலனை முன்னிறுத்துகிறது. பாட்டன் பாட்டியர் குழந்தையைக் காண்பதற்கென அதில் தனிப்பிரிவு ஏதுமில்லை. எல்லாம் நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டவை. 2010-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வழக்கில், தாயை இழந்த பிள்ளைகளைத் தாய்வழி உறவினரிடமே இடைக்காலத்துக்கு விட்டுவைத்தது. காப்பாளர் தந்தையே எனினும் குழந்தை யாரிடம் வாழ்வது என்பது தனிக் கேள்வி என அது பிரித்துக் காட்டியது. நம் முன்னோர் விலாயத், ஹளானத் என இரு சொற்களால் சுட்டிய வேறுபாடே அது. 2022-இல், கோவிட் தொற்றில் பெற்றோர் இருவரையும் பறிகொடுத்த வேறொரு சமயத்துச் சிறுவனைத் தந்தைவழிப் பாட்டன் பாட்டியிடம் ஒப்படைத்தபோது, அவர்களின் முதுமையை அந்நீதிமன்றம் ஒரு குறையாகக் கருதவில்லை.

இனி நம் ஊர்களுக்கு வருவோம். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ்கிறாள். கணவனே அங்கு வந்து சேர்கிறான். ஆகவே பேரர்கள் தாய்வழிப் பாட்டியின் கையில் வளர்கின்றனர். ஹளானத்தின் முதல் வரிசை அங்கே வழக்கிலேயே நிறைவேறிவிடுகிறது. துன்பம் மறுபக்கத்தில். மண முறிவோ மகனின் மரணமோ நேர்ந்தால், இரண்டு தெரு தள்ளியிருக்கும் வாப்பாவின் தாய்க்குப் பேத்தியின் வீட்டு வாசற்படி மிதிக்க முடியாததாகிவிடுகிறது. மற்ற ஊர்களில் இதே துன்பம் தாய்வழிப் பாட்டிக்கு நேர்வதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜமாஅத்தில் எழுதப்பட்ட மணவிலக்குப் பத்திரத்தைக் காண நேர்ந்தது. மஹர், நகை, சீர்வரிசைப் பாத்திரங்களின் எண்ணிக்கை, இத்தா காலச் செலவு, குழந்தைக்கான மாதத் தொகை எல்லாம் வரிசையாக இருந்தன. தந்தை வெளிநாட்டில் இருந்தார். அவருடைய தாயாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைச் சுட்டியபோது, முத்தவல்லி சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் எழுத்தரை அழைத்து, இரு தரப்பையும் மீண்டும் அமரவைத்து, ஜுமுஆ நாள்தோறும் அஸர் முதல் மஃரிப் வரை பேத்தி பாட்டியின் வீட்டில் இருப்பாள் என்று கடைசி வரிக்குக் கீழே சேர்த்து எழுதச் செய்தார். இடம் போதாமையால் அவ்வரி ஓரத்தில் சாய்வாக எழுதப்பட்டிருந்தது.