நெல் விதையின் உறக்கம்

முற்றிய நெல்மணி, ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தும் சில வாரங்கள் முளைக்காமல் இருப்பது விதை உறக்கம். குறுவை அறுவடையின்போது வடகிழக்குப் பருவமழை முந்திக்கொண்டால் இதன் அருமை தெரியும். உறக்கம் இல்லாத இரகமானால், தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் கதிரை எடுத்துப் பார்த்தால் உமியின் அடியைப் பிளந்துகொண்டு வெள்ளை முளை நிற்கும். அந்த நெல் விதைக்கு ஆகாது. அரிசிக்கும் தரம் போய்விடும். உறக்கம் மிஞ்சினாலும் தொல்லைதான்: நாற்றங்காலில் பாதி விதை முளைக்கும், பாதி அப்படியே கிடக்கும்.

உறக்கத்தைக் காப்பது அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன், கலைப்பது ஜிப்ரலின் என்ற இன்னொரு ஹார்மோன். இதில் ஜிப்ரலினை உலகுக்குக் காட்டியதே நெல்தான். நாற்று வெளிறி, கண்டபடி நெட்டையாகிச் சாகும் 'பக்கனே' என்ற பூஞ்சை நோயைத் தைவானில் ஆராய்ந்த எய்ச்சி குரோசாவா, பூஞ்சையை வடிகட்டி நீக்கிய நீரும் நாற்றை நீளச் செய்வதை 1926இல் கண்டார். அந்தப் பொருளுக்கு 1935இல் ஜிப்ரலின் என்று பெயரிட்டவர் தெய்ஜிரோ யபுதா. அப்சிசிக் அமிலம் 1960களில் அகப்பட்டது. பருத்திக் காய் உதிர்வதை ஒரு குழுவும், மரமொட்டுகள் உறங்குவதை இன்னொரு குழுவும் ஆராய்ந்து, இரண்டும் ஒரே பொருளில் வந்து நின்றன.

முளைக்கருவிலிருந்து வரும் ஜிப்ரலின் தவிட்டு அடுக்கை எட்டியதும் அங்கே ஆல்ஃபா அமைலேஸ் நொதி சுரக்கிறது. மாவுச்சத்து சர்க்கரையாகி முளைக்கு உணவாகிறது. அப்சிசிக் அமிலம் இந்தச் சுரப்பையே அடக்கிவிடும்.

மரபணுக்களின் கதைதான் வியப்பானது. மனிதன் வேறெதையோ தேடிப் போய், விதையின் உறக்கத்தைத் தெரியாமலே மாற்றியிருக்கிறான். சிவப்பரிசிக்கு நிறம் தரும் ஆர்சி மரபணுவில் 14 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டதால் வெள்ளையரிசி பிறந்தது என்று 2006இல் தெரிந்தது. அதே மரபணு இளம் விதையில் அப்சிசிக் அமிலத்தையும் கூட்டுகிறது என்று, களையாக வளரும் சிவப்பு நெல்லை வைத்து அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் செய்த ஆய்வு 2011இல் காட்டியது. வெள்ளையரிசியை விரும்பித் தேர்ந்தவர்கள் உறக்கத்திலும் ஒரு பங்கை இழந்தார்கள். குட்டை நெல்லில் நடந்தது நேர்மாறு. பசுமைப் புரட்சியின் எஸ்டி1 மரபணு ஜிப்ரலின் உற்பத்தியைக் குறைத்துப் பயிரைக் குட்டையாக்கியது. விதையின் உறக்கத்தையும் அது கூட்டுகிறது என்பது 2015இல்தான் வெளிப்பட்டது.

உறக்கத்தையே குறிவைத்துத் தேடிய ஜப்பானியர், நன்றாக உறங்கும் கசலாத் நெல்லை நிப்பொன்பாரே என்ற ஜப்பானிய இரகத்துடன் ஒட்டுச் சேர்த்து, 2010இல் எஸ்டிஆர்4 மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். நெல்லின் இரு பெரும் பிரிவுகளில், ஜப்பானிகா இரகங்களில் இதன் வலுக்குறைந்த வடிவம் மட்டுமே உண்டு. இண்டிகாவில் வலுவான வடிவம், வலுக்குறைந்த வடிவம் இரண்டும் உண்டு.

2022இல் சீன ஆய்வாளர்கள் எஸ்டி6, ஐசிஇ2 என்ற மரபணு இணையைக் கண்டார்கள். வெதுவெதுப்பில் முன்னது ஓங்கி அப்சிசிக் அமிலத்தைக் குறைக்கும். குளிரில் பின்னது ஓங்கி உறக்கத்தைக் காக்கும். எஸ்டி6ஐத் திருத்திய நெல் கதிரில் முளைப்பது குறைந்தது. விதைப் பரிசோதனைக் கூடங்களோ உறங்கும் நெல்லை 50 டிகிரி செல்சியஸ் உலர்வெப்பத்தில் சில நாள் வைத்து எழுப்புகின்றன.