இடிக்க முடியாத சுவர்

கணினி விளையாட்டு இலக்கியமாகுமா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைப்போம். கதை முடிந்த விதம் பிடிக்காத வாசகன் என்ன செய்கிறான் என்ற கேள்வி அதைவிடப் பழையது; சுவையானதும்கூட. நாவல் வாசகன் பெருமூச்சுடன் புத்தகத்தை மூடிவைக்கிறான். ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் 'ரோல் பிளேயிங்' விளையாட்டின் ரசிகனோ காத்திருக்கிறான். ஓரிரு ஆண்டுகளில் 'எக்ஸ்பான்ஷன்' எனப்படும் விரிவாக்கம் வரும், விட்டுப்போன இழைகள் அதில் முடிச்சிடப்படும் என்பது அவனது நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு.

பயோவேர் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட்' 1998இல் வெளியானது. இறந்துபோன கொலைத்தெய்வம் ஒன்றின் வாரிசே அதன் நாயகன். அக்கதை 2001இல் 'த்ரோன் ஆஃப் பால்' என்ற விரிவாக்கத்தோடு நிறைவெய்தியது. போர்மேல் போராகக் கதை விரைகிறது, பாத்திரங்களோடு தங்கிப் பேச இடமில்லை என்று ரசிகர்கள் குறைபட்டனர். எழுத்தாளர்களுள் ஒருவரான டேவிட் கெய்டர், பிற்பாடு தம் சொந்த முயற்சியில் 'அசென்ஷன்' என்னும் மாற்றுத் தொகுப்பை உருவாக்கி இலவசமாக அளித்தார். இறுதிப் போர் அதில் விரிவடைந்தது. பகைவனாகவே மடியவேண்டியிருந்த பால்தசார் என்னும் துறவியைத் தன்பக்கம் ஈர்க்கவும் வழி பிறந்தது. அச்சேறிய கதையை அதன் ஆசிரியரே விளிம்பில் திருத்தி எழுதியதற்கு ஒப்பானது இது.

ஆயினும் எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் மிகத் துலக்கமாகத் தெரிவது வேறொரு படைப்பில். அப்சிடியன் நிறுவனம் 2006இல் 'நெவர்விண்டர் நைட்ஸ் 2' என்ற விளையாட்டை வெளியிட்டது. நெஞ்சில் வாளின் சில்லு தைத்த ஓர் அநாதை, தோழர்களைத் திரட்டி, கோட்டையொன்றைக் கட்டியாண்டு, 'நிழல்களின் அரசனை' வெல்கிறான். வென்ற கணத்தில் அவர்கள் தலைமீது கட்டடம் சரிகிறது. தோழர்களில் யார் பிழைத்தார், யார் மடிந்தார் என்று தெரியாமலே கதை முடிந்துவிடுகிறது. நாற்பது ஐம்பது மணி நேரம் உடன்நடந்தவர்களைச் சில வரிகளில் புதைத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

2007இல் வந்த விரிவாக்கமான 'மாஸ்க் ஆஃப் தி பெட்ரேயர்' அந்தக் கோபத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. ஜார்ஜ் ஜீட்ஸ் படைப்புத் தலைமை வகித்த அக்கதை, நாயகனை ரஷேமன் என்னும் தொலைநாட்டின் நிலவறையொன்றில் கண்விழிக்கச் செய்கிறது. நெஞ்சில் இருந்த சில்லு அகற்றப்பட்டிருக்கிறது. அவ்விடத்தில் ஒரு பசி குடியேறியிருக்கிறது. ஆவிகளை உண்டாலன்றி அவன் உயிர் தரிக்காது. பழைய தோழர்களின் கதி போகிறபோக்கில், உரையாடல்களின் வழியே தெரியவருகிறது.

இந்தப் பசி கதையில் மட்டும் வருவதன்று. ஆடுபவர் ஓய்வெடுக்கும்போதும் ஊர் கடக்கும்போதும் அது வளர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு மூலையையும் நின்று நிதானித்துப் பார்க்க விரும்பியவர்களுக்கு இது முதுகில் விழும் சாட்டையாக இருந்தது. வேறு சிலருக்கோ, சாபம் என்பதைச் சொல்லாமல் அனுபவிக்கவைத்த உத்தியாகப் பட்டது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தொந்தரவு தராத சாபம் வெறும் அலங்காரம். ஆனால் தொந்தரவு மிஞ்சினால் வாசிப்பே நின்றுவிடும்.

கதையின் மையத்தில் நிற்பது ஒரு சுவர். இவ்வுலகில் எத்தெய்வத்தையும் வழிபடாது இறந்தவரின் ஆன்மா, மரித்தோர் நகரைச் சூழ்ந்த 'நம்பிக்கையற்றோரின் சுவரில்' பதிக்கப்பட்டு மெல்ல மெல்லக் கரைந்துபோகும். மிர்குல் என்னும் மரணதேவனின் பூசாரியான அகாச்சி, தன் காதலியின் ஆன்மா அங்கே பதிக்கப்பட்டதைப் பொறாமல் தன் தெய்வத்துக்கு எதிராகவே படை திரட்டினான். தோற்ற அவனுக்குக் கிடைத்த தண்டனைதான் அந்த அடங்காப் பசி. அறப்போரின் எச்சத்தை இப்போது நாயகன் சுமக்கிறான். முந்தைய கதையில் துரோகம் செய்த பிஷப்பைக்கூட அச்சுவரில் காண்கிறோம். வெறுத்த ஒருவனுக்காகவும் மனம் நெகிழ்கிறது.

இவ்வளவும் அறிந்தபின் ஆடுபவர் விரும்புவது ஒன்றே: சுவரை இடிக்கவேண்டும். கேலின் என்ற தோழியும் அதையே கோருகிறாள். ஆனால் விளையாட்டு அதற்கு இடமளிப்பதில்லை. சாபத்தை முடித்து வீடு திரும்பலாம். பசியைத் தன்னுள் அடக்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிடலாம். எல்லாவற்றையும் விழுங்கும் கொடும் சக்தியாகவும் மாறலாம். சுவர் மட்டும் நிற்கிறது. ரசிகர்களின் நெடுநாள் ஆதங்கம் இதுவே.

இதற்குப் புறக்காரணம் ஒன்றையும் கருதவேண்டும். 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்னும் அந்த உலகம் எட் கிரீன்வுட்டின் படைப்பு. உரிமையோ விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துடையது. நூற்றுக்கணக்கான நாவல்களும் விதிநூல்களும் பொதுவில் வாழும் வீடு அது. வாடகைக்கு இருப்பவர் அதன் சுவரை இடிப்பது எளிதன்று. எனினும் இந்தக் கட்டுப்பாடே கதைக்கு வலுவாகவும் அமைந்தது என்பது என் எண்ணம். அநீதியைக் கண்டபின் அதை அகற்ற இயலாமல் திரும்பும் அனுபவத்தை, வெற்றியே இலக்கணமாகக் கொண்ட ஒரு கலைவடிவம் தருவது அரிது. சுவர் எளிதில் இடிந்திருந்தால் அகாச்சியை நாம் மறந்திருப்போம்.

அடுத்த ஆண்டு வந்த 'ஸ்டார்ம் ஆஃப் சேஹிர்' அணி அமைப்பதற்கும் வரைபடத்தில் ஊர்சுற்றுவதற்கும் முதலிடம் தந்தது. முன்னதைப் போன்ற செறிவான கதையை எதிர்நோக்கியவர்களுக்கு அது ஏமாற்றமே. விரிவாக்கத்தை வளப்படுத்துவது பரப்பா ஆழமா என்ற வழக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

சுவரின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2015இல் வெளியான விதிநூலொன்று நம்பிக்கையற்றோர் சுவரில் பதிக்கப்படுவதை ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டிருந்தது. 2020இல் வந்த பிழைதிருத்தப் பட்டியல் அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டது. போர் இல்லை, படை இல்லை, பூசாரியின் கலகம் இல்லை. ஒரு வரியை அடித்ததோடு சரி. இடிக்கத் தவித்தவர்களுக்கு அதில் மகிழ்ச்சி இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டது சுவர் இல்லாத உலகை அன்று. அதை இடிக்கும் கதையை. அதை இன்னும் யாரும் எழுதித் தரவில்லை.