மகமல்: பெயரும் இழையும்

வெல்வெட் என்று இன்று வழங்கும் துணிக்கு மகமல் என்னும் பெயரும் தமிழில் உண்டு. பாரசீகம், உருது வழியே வந்த இச்சொல்லின் வேர் அரபியின் ‘கம்ல்’ என்பதாகும். துணியின்மேல் எழுந்து நிற்கும் மென்மயிரை அது குறிக்கும். ஆகவே இப்பெயர் துணியின் பரப்பைச் சுட்டுகிறதேயன்றி இழையைச் சுட்டுவதன்று. தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டின் பெயரிலுள்ள ‘பட்டு’, ஊரைக் குறிப்பதேயன்றி நூலைக் குறிக்காதது போன்றதே இதுவும்.

நபிமொழித் தொகுப்புகளில் இவ்வகைத் துணிகளைக் காண்கிறோம். ஃபாத்திமா (ரலி) அவர்களின் மணச் சீர்வரிசையில் ‘கமீல்’ என்னும் விரிப்பு இருந்ததை நஸாயீ பதிவு செய்கிறார். நபி (ஸல்) அவர்களின் மண்ணறையில் சிவப்புக் ‘கதீஃபா’ வைக்கப்பட்டதை முஸ்லிம் குறிப்பிடுகிறார். கதீஃபாவை மயிர் எழுந்த போர்வை என்றே அகராதிகள் விளக்குகின்றன. துருக்கியர் வெல்வெட்டை ‘கதிஃபே’ என்பது இச்சொல்லிலிருந்தே.

பிற்காலத்தில் மகமல் பட்டில் நெய்யப்பட்டு அரசவைப் பொருளாயிற்று. கூடுதலான பாவுநூலைக் கம்பிகளின்மேல் வளையங்களாக எழுப்பி, அவற்றை அறுத்து மயிராக்குவது அதன் நெசவு முறை. நூலும் உழைப்பும் மிகுதியாக வேண்டியதால் விலையும் உயர்ந்தது. உதுமானியரின் புர்சாவும் ஸஃபவியரின் காஷானும் இதில் புகழ்பெற்றன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபஸ்ல் எழுதிய ஆயினே அக்பரி, குஜராத், லாகூர், காஷான், ஐரோப்பா ஆகிய இடங்களின் மகமல்களை விலையுடன் பட்டியலிடுகிறது. ஆடை, திரை, திண்டு, குதிரைச் சேணம் எனப் பலவற்றுக்கும் அது பயன்பட்டது.

ஆண்கள் பட்டணிவது மார்க்கத்தில் விலக்கப்பட்டதன்றோ? இதற்கு நெசவாளர் கண்ட வழியே ‘மஷ்ரூ’. அரபியில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்பது இதன் பொருள். பட்டுப் பாவும் பருத்தி ஊடையும் கொண்ட இத்துணியில் பட்டு வெளியே மிளிரும். பருத்தி உடலைத் தொடும். பாவு பட்டாயினும் ஊடை வேறாயின் ஹனஃபி சட்டம் அனுமதிக்கிறது. கலப்பில் பட்டின் எடை மிகாதிருப்பதை ஷாஃபிஈ சட்டம் நோக்குகிறது. குஜராத்தின் பாடன், மாண்டவி ஆகிய ஊர்கள் இந்நெசவுக்குப் பெயர்பெற்றவை.

இங்கிலாந்தின் ஆலைகள் பருத்தியிலும் வெல்வெட் போன்ற துணியை நெய்தன. இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டரே. எனவே வெல்வெட் தொப்பியோ தொழுகை விரிப்போ ஆகுமா என்று கேட்போர், பெயரை விடுத்து இழையை ஆராய வேண்டும். விலக்கு பட்டுப்புழுவின் நூலுக்கேயன்றி மென்மைக்கன்று. எனினும் பொற்காசுக்கும் கதீஃபாவுக்கும் அடிமையானவனை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததைப் புகாரீ பதிந்துள்ளார். இழை மாறினும் அவ்வெச்சரிக்கை மாறவில்லை.