உபதேசியார்

தமிழ்க் கிறித்தவத்தில் சிறுவர்களுக்கும் புதிதாக நம்பிக்கைக்கு வருவோருக்கும் செபமும் மறையும் சொல்லிக்கொடுத்து, அவர்களுடைய நல்லது கெட்டதுகளில் உடன்நிற்கும் பொதுநிலையினர். கத்தோலிக்கர் வேதியர் என்றும் அழைப்பர். குருவானவர் ஆண்டுக்குச் சில முறையே வந்துபோன ஊர்களில் நோயாளியின் பக்கத்தில் அமர்ந்தவரும், இறந்தவரை அடக்கம் செய்தவரும், சண்டை தீர்த்துவைத்தவரும் இவரே. கப்பலேறி வந்தவர்களின் பெயர்கள் நூல்களில் நிற்கின்றன; உபதேசியார்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எழுதிவைக்கப்படவில்லை.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர் உதவியோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். அடுத்த ஊருக்குப் புறப்படும் முன் ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக அமர்த்தி, மக்களைக் கூட்டிச் செபம் கற்பிக்கவும், சாகும் நிலையிலுள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் பொறுப்பளித்தார். இந்தக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு, போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென அக்கடற்கரை மக்கள் கட்டிவந்த பணத்தையே கேட்டுப் பெற்றார். 1545இல் மயிலாப்பூரில், தோமையார் கல்லறையை அடுத்து, சில மாதங்கள் தங்கிச் செபித்தார்.

மதுரையில் 1606 முதல் பணியாற்றிய மிஷனரி இராபர்ட் தெ நொபிலி, சிவதருமர் என்ற அந்தணரிடம் மாணவராக அமர்ந்து வடமொழி கற்றார். கற்பிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொண்டார் என்பதே அவருடைய பணியின் உயிர். பார்வை மங்கிய முதுமையில் மயிலாப்பூருக்கு வந்து, அங்கேயே 1656இல் காலமானார்.

உபதேசியார்களுக்கென்றே தமிழில் எழுதப்பட்ட நூல் வீரமாமுனிவரின் ‘வேதியர் ஒழுக்கம்’ (1727). போதிப்பவரின் நடத்தை எப்படி இருக்கவேண்டும் என்பதே அதன் அக்கறை. ஊரார் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு அவருடைய வாழ்க்கைதான் முதல் பாடம் என்பதை வீரமாமுனிவர் நன்கு அறிந்திருந்தார். தமிழ் உரைநடை வரலாற்றிலும் இந்நூலுக்கு இடமுண்டு.

சபை தந்த பதவி எதுவுமின்றி இதே பணியைச் செய்தவர்களும் உண்டு. குளச்சல் போரில் (1741) சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்த டச்சுக் கம்பெனிப் படையதிகாரி டி லனாய், சொத்திழந்து மனம் சோர்ந்திருந்த நீலகண்ட பிள்ளைக்கு விவிலியத்தின் யோபு கதையைச் சொன்னார். வாதாடி மடக்கவில்லை, துயரத்தில் துணையிருந்தார். 1745இல் திருமுழுக்குப் பெற்ற அந்த நீலகண்ட பிள்ளையே, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம்.

சீர்திருத்தச் சபைகளில் தரங்கம்பாடி உபதேசியார் ஆரோன் 1733இலும், மிஷனரி சுவார்ட்சால் திருநெல்வேலிப் பகுதிக்கு அனுப்பப்பட்ட சத்தியநாதன் 1790இலும் குருப்பட்டம் பெற்றனர். 19ஆம் நூற்றாண்டுச் சென்னையில், மயிலாப்பூரை ஒட்டிய சல்லிவன் தோட்டத்தில் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தின் இறையியல் பள்ளி இயங்கியது. ஆனால் ஐரோப்பியர் மேலே, உபதேசியார் கீழே என்ற படிநிலை மாறவில்லை. சாதி வேறுபாடும் சபைக்குள்ளேயே நீடித்தது. அன்பைப் போதித்த அமைப்புக்கு அது நீங்காத களங்கம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த வே. ச. அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் இதில் ஒரு பாதியை நேருக்கு நேர் பேசினார்: மிஷனரிகளின் தியாகத்தைப் போற்றிவிட்டு, இந்தியப் பணியாளர்களுக்கு அவர்கள் மேலதிகாரிகளாக இல்லாமல் நண்பர்களாக வேண்டும் என்று கேட்டார். 1912இல் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இன்று சென்னைப் பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வியும் ஓய்வுநாள் பள்ளியும் இப்பணியைத் தொடர்கின்றன. கற்பிப்போரில் பெண்கள் பலர். பொதுநிலையினருக்கான உபதேசியார் பணியைத் திருத்தந்தை பிரான்சிஸ் தனித் திருப்பணியாக ஏற்படுத்தியது 2021இல்தான். சவேரியார் தம் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தி அப்போது ஏறத்தாழ 480 ஆண்டுகள் ஆகியிருந்தன.